பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

தமிழ்த்துறை மலரில் ஒரு விளையாட்டுப் பொருளைப் பற்றிக் கட்டுரையா என்று பெரியோர் சிலர் முகம் சுளிக்கக் கூடும். பொருள் சிறிதுதான். ஆயினும் அதனைச் சூழ்ந்து நின்ற வழக்கு ஒரு சொல்லைப் பற்றியது. ஒரு வணிகரின் நாணயத்தையும் பற்றியது. எனவே சொல்லாராய்ச்சியில் நாட்டமுடையோரும், தராசின் முள் சாயக்கூடாது என்று எண்ணுவோரும் அதனைச் சற்றே செவிமடுத்தல் தகும்.

இரண்டு வட்டுகள், அவற்றை இணைக்கும் ஓர் அச்சு, அச்சில் சுற்றிய நூல்: யோ-யோ என்பது இவ்வளவே. அமெரிக்க நாட்டில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக இதனோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர் டங்கன். ஆனால் இவ்வாட்டத்தில் கைதேர்ந்தோர் பலரிடம் அப்பெயரைச் சொன்னால் ஓர் ஏளனப் புன்னகையே விடையாகக் கிடைக்கிறது. சிறுவர்க்கு விற்கும் மலிவுச் சரக்கு, நூல் சிக்கினால் பிரித்தெடுக்க வழியில்லாத பிளாஸ்டிக் உருண்டை, காலத்தோடு நடவாத நிறுவனம் என்பன அவர்தம் குற்றச்சாட்டுகள். இப்பழி தகுமா?

முதலில் பொருளை நோக்குவோம். டங்கனின் புகழ்பெற்ற இம்பீரியல் என்னும் வகையில் அச்சு அசையாதது. நூலின் நுனி அதில் இறுக முடியப்படாமல் ஒரு வளையமாக மட்டும் கோக்கப்பட்டிருக்கும். ஆகவே வட்டு கீழே இறங்கியபின் நூலின் முனையிலேயே நின்று சுழலும்; இதனை ஆட்டக்காரர் 'தூங்குதல்' என்பர். நூல் அச்சில் உராய்வதால் அத்தூக்கம் நெடுநேரம் நீடிப்பதில்லை. 1978இல் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த பல் மருத்துவர் டாம் கூன், பிரித்துப் பூட்டத்தக்க மர யோ-யோ ஒன்றை உருவாக்கினார். பின்னர் அச்சின்மேல் பால் பேரிங் பொருத்தும் முறை பரவியது. சுழற்சி நிமிடக்கணக்கில் நீண்டது; நூலைக் கொண்டு முன்னர் எண்ணியும் பார்த்திராத சித்திரங்களை வரைய முடிந்தது. 1990களின் பிற்பகுதியில் யோமேகா போன்ற புதிய நிறுவனங்கள் கொடிகட்டிப் பறந்தபோது, டங்கன் தன் பழைய அச்சையே பெரிதும் நம்பியிருந்தது. இந்த அளவில் குற்றச்சாட்டில் உண்மை உண்டு, மறைப்பானேன்?

ஆனால் அதற்குமேல் செல்வது நீதியாகாது. இன்றைய போட்டிகளில் சுழலும் உலோக யோ-யோக்கள் நூலைச் சுண்டினால் கைக்குத் திரும்பி வாரா. நூலை மடித்துச் செருகும் தனி உத்தி கற்றவர்க்கே திரும்பும். எட்டு வயதுச் சிறுவன் கையில் அதனைக் கொடுத்தால் அது நூலில் தொங்கும் கல்லாகவே இருக்கும். இம்பீரியலோ சுண்டினால் வரும். சில டாலருக்குக் கிடைக்கும். அரிச்சுவடியைக் கையிலேந்தி, இதில் காப்பியச்சுவை இல்லையே என்று குறைகூறுவார் உண்டோ? மேலும், காலத்தோடு நடவாதது என்னும் கூற்றும் முழுதும் மெய்யன்று. 1999இல் ஸ்டீவ் பிரவுன் என்னும் ஆட்டக்காரர், நூலை விரலில் கட்டாமல் அதன் மறுமுனையில் ஓர் எடையைத் தொங்கவிட்டு ஆடும் முறையைக் கண்டார். அதனைத் தழுவி வளர்த்து, ஃப்ரீஹேண்ட் என்னும் பெயரால் யோ-யோவும் வெளியிட்ட நிறுவனம் டங்கனே. உலகப் போட்டிகளில் இன்று அம்முறைக்கெனத் தனிப்பிரிவே உளது. புதுமையை விரும்பாத கிழவன் செய்யும் செயலா இது?

ஆகவே ஆட்டக்காரர் சுமத்தும் பழியை நான் ஏற்கவில்லை. அந்நிறுவனத்தின்மீது சுமத்தத்தக்க பழி வேறொன்று உண்டு; அதனை அவர்கள் பெரும்பாலும் பேசுவதில்லை.

இவ்விளையாட்டு டங்கனின் கண்டுபிடிப்பன்று. பண்டைய கிரேக்கக் கிண்ணமொன்றில் சிறுவன் ஒருவன் இதனை ஆடும் ஓவியம் காணப்படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இதனை பாண்டலோர் என்றழைத்தனர். 1866இல் ஒகையோ மாநிலத்தார் இருவர் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமையும் பெற்றனர். ஆனால் யோ-யோ என்னும் பெயர் பிலிப்பைன்ஸ் தீவுகளினின்று வந்தது. இலோக்கானோ மொழிச்சொல் என்று சொல்லாய்வாளர் கருதுவர். அப்பெயரோடும், நூலை வளையமாகக் கோக்கும் அந்நாட்டு முறையோடும் 1928இல் கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில் தொழில் தொடங்கியவர் பெத்ரோ புளோரஸ் என்னும் பிலிப்பைன்ஸ் நாட்டுக் குடியேறி. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் டொனால்டு டங்கன் அவருடைய தொழிலை விலைக்கு வாங்கினார். வாங்கியதில் தவறில்லை, இருவரும் மனமொப்பிச் செய்த வணிகம் அது. ஆனால் 1932இல் டங்கன் அச்சொல்லையே தமக்குரிய வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டார். ஊர்தோறும் சென்று வித்தை காட்டிக் கூட்டம் சேர்த்தோருள் பலர் பிலிப்பைன்ஸ் இளைஞர்களே. அவர்தம் தாய்நாட்டில் சிறுவர் நாவில் புரண்ட சொல், இங்கு ஒரு நிறுவனத்தின் உடைமையாயிற்று. பிற தொழிலகத்தார் தம் பொருளுக்கு அப்பெயரை இட்டால் வழக்கு வந்தது. கடையை விலைக்கு வாங்கலாம். ஒரு மக்களின் பேச்சு வழக்கை எந்தப் பத்திரத்தில் எழுதி வாங்குவது?

விஸ்கான்சின் மாநிலத்தின் லக் என்னும் சிற்றூரில் 1946இல் ஆலை அமைத்துத் தழைத்த அந்நிறுவனம், 1962இல் நான்கரைக் கோடி யோ-யோக்கள் விற்றதாகக் கூறுவர். அவ்வுச்சியினின்று வீழ மூன்றே ஆண்டுகள் போதுமானவையாயின. விளம்பரச் செலவும் வழக்குச் செலவும் பெருகின. 1965இல் ராயல் டாப்ஸ் என்னும் போட்டி நிறுவனத்தோடு நடந்த வழக்கில், யோ-யோ என்பது பொருளைக் குறிக்கும் பொதுப்பெயரே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே டங்கன் நிறுவனம் நொடித்தது. 1968இல் ஃபிளாம்போ பிளாஸ்டிக் நிறுவனம் பெயரை வாங்கித் தொழிலைத் தொடர்ந்தது. ஆதலின் இன்று அப்பெயரில் விற்போர்மீது முப்பதுகளின் பழியைச் சுமத்துவதும் முறையன்று. அவர்கள் வாங்கியபோது அச்சொல் ஏற்கெனவே விடுதலை பெற்றிருந்தது.

டங்கனை எள்ளி நகையாடும் ஆட்டக்காரர் தம் கையிலுள்ள விலையுயர்ந்த உலோக வட்டையும் இன்று தயக்கமின்றி யோ-யோ என்றே அழைக்கின்றனர். அதன் பெட்டிமேல் அச்சொல்லைப் பொறிக்க அதனைச் செய்தவர் எவரிடமும் இசைவு கேட்கவில்லை.