புகையிலையை விட்ட முதல் மூன்று நாள்கள்

புகையிலைப் பழக்கத்தை விட முயன்று தோற்றவனை மன உறுதியற்றவன் என்று இகழ்வது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். இவ்வழக்கம் விஞ்ஞானத்துக்கு ஒவ்வாதது. அத்துடன் தீங்கும் விளைப்பது. 2016–17ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கீட்டின்படி, இந்தியாவில் வயது வந்தோருள் 28.6 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 26.7 கோடிப் பேர், ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தி வந்தனர். இத்தனை பேரும் உறுதியற்றவர்கள் என்று கூறத் துணிவார் உளரோ?

உள்ளிழுத்த புகையிலுள்ள நிகோடின் சில விநாடிகளில் மூளையை அடைகிறது. அங்கே அசிடைல்கோலின் என்னும் பொருளுக்கென அமைந்த ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு, டோபமைன் வெளிப்படுமாறு செய்கிறது. நாள்தோறும் இவ்வாறு நிகழ நிகழ ஏற்பிகளின் எண்ணிக்கையே பெருகிவிடுகிறது. இரத்தத்திலுள்ள நிகோடினோ, ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆதலின், இரவில் கடைசி பீடியைப் பிடித்து உறங்கியவன் காலையில் கண் விழிக்கும்பொழுதே அவன் உடல் நிகோடினுக்கு ஏங்கி நிற்கிறது. பழக்கத்தை விட்டவனுக்குத் தோன்றும் எரிச்சல், பதற்றம், உறக்கக் குறைவு, கவனச் சிதறல், மிகுபசி, மலச்சிக்கல் யாவும் இதன் விளைவுகளே. இவை இரண்டாம் மூன்றாம் நாள்களில் உச்சத்தை எட்டி, இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிகின்றன. தனித்த ஒரு வேட்கை எழுந்து அடங்கச் சில நிமிடங்களே ஆகும்.

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. புகையிலுள்ள சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டிக் காப்பியிலுள்ள காஃபீனை விரைவாகச் சிதைக்கச் செய்கின்றன. புகையை நிறுத்தியதும் அவ்விரைவு குறைகிறது. வழக்கம்போல் ஐந்தாறு குவளை காப்பியோ தேநீரோ அருந்துபவன் உடலில் காஃபீன் மிகுந்து, நடுக்கமும் உறக்கமின்மையும் கூடுகின்றன; அவனோ இவை முழுதும் புகையை விட்டதன் துன்பமெனக் கருதி மீண்டும் தீக்குச்சியைத் தேடுகிறான். முதல் வாரத்தில் காப்பியைப் பாதியாகக் குறைப்பது செலவில்லாத வைத்தியம்.

மெல்லுவோர்க்கு இது பொருந்தாது. ஆயினும் நம் நாட்டில் புகைப்போரினும் (10.7 சதவீதம்) புகையற்ற புகையிலையைப் பயன்படுத்துவோரே (21.4 சதவீதம்) மிகுதி. கைனியுடன் கலக்கும் சுண்ணாம்பு காரத்தன்மையை மிகுவித்து, வாயின் உட்சவ்வு வழியே நிகோடின் எளிதில் உட்புகச் செய்கிறது. எனவே இவர்களது அடிமைத்தனம் இலேசானதன்று. இருந்தும், அறிவுரைகளிற் பல சிகரெட்டை மட்டுமே மனத்திற்கொண்டு எழுதப்படுகின்றன.

எவ்வுதவியுமின்றி விடுவோரில் ஓராண்டுக்குப் பின்னும் விட்டவாறே இருப்போர் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரையே. தவறுவோரிற் பெரும்பாலோர் முதல் எட்டு நாள்களுக்குள் தவறுகின்றனர். நிகோடின் பசையும் ஒட்டுப்பட்டையும் வெற்றி வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகின்றன. 2022ஆம் ஆண்டின் தேசிய இன்றியமையா மருந்துப் பட்டியலில் நிகோடின் மாற்றுச் சிகிச்சை சேர்க்கப்பட்டது போற்றத்தக்கதே. ஆனால் பட்டியலில் ஏறிய மருந்து, கூலித் தொழிலாளியின் கைக்கு முதல் நாள் காலையிலேயே கிட்ட வேண்டும். ஒவ்வோர் ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் முதல் வாரத்துக்கான அளவேனும் விலையின்றி வழங்கப்படுதல் வேண்டும். செலவு மிகும் என்பார் உளர்; வாய்ப்புற்று நோய்க்கு ஆகும் செலவை அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

வழங்குவோர் மெல்லும் முறையையும் கற்பித்தல் அவசியம். வெற்றிலையைப்போல் மென்று சாற்றை விழுங்கினால் விக்கலும் குமட்டலுமே மிஞ்சும். சுரீரென்ற சுவை தோன்றும்வரை மெதுவாக மென்று, பின் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி, சுவை மறைந்ததும் மீண்டும் மெல்ல வேண்டும். காப்பி அருந்திய கால் மணி நேரத்துக்குள் இதனைப் பயன்படுத்தினால் நிகோடின் சரிவர உட்கொள்ளப்படாது. கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்புக்கு உள்ளானோரும் மருத்துவரைக் கேட்டபின்னரே இதனைத் தொடங்குதல் தகும்.