யார் கேட்டார் இந்தப் பாட்டை?

பாட்டுக் கேட்டல் என்னும் தொடருக்குத் தமிழிலே இரண்டு பொருள் உண்டு. செவி கொடுத்துக் கேட்பது ஒன்று. "இன்ன பாட்டைப் போடுங்கள்" என்று விரும்பிக் கேட்பது மற்றொன்று. முன்னதைப் பற்றி இசைப் புலவர்கள் வேண்டிய மட்டும் எழுதிவிட்டார்கள். பின்னதைப் பற்றி எழுதுவாரைக் காணோம். இந்த வாரம் அதனை எடுத்துக்கொள்வோம்.

மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த கரையோரத்திலும் வளரும் எம் மாணவர்கள் இப்போது ஒருவர்க்கொருவர் பாட்டுப் பட்டியல்களைக் கைப்பேசி வழியே அனுப்பிக்கொள்கிறார்கள். பெற்றோர் சிலர் இதைக் கண்டு முகஞ் சுளிப்பதும் உண்டு. அப்பட்டியல்களிலே திரைப்பாடல்கள் இருக்கின்றன. அவற்றோடு 'இன்டி ராக்' எனப்படும் மேனாட்டுப் பாடல்களும், தமிழில் 'சுயாதீன இசை' என வழங்கத் தொடங்கியிருக்கும் பாடல்களும் இருக்கின்றன. பெயரைக் கண்டு மிரள வேண்டியதில்லை. பெருங் கம்பனிகளின் தயவை நாடாது, நாலைந்து இளைஞர் கூடித் தாமே எழுதி, தாமே பாடி, சிறு நிறுவனம் ஒன்றின் மூலமோ தம் கைப்பணத்தைக் கொண்டோ வெளியிடும் பாட்டு என்பதே அதன் பொருள். விளம்பரத்துக்குப் பணமில்லாத அப்பாட்டு ஊர்விட்டு ஊர் போவதற்கு உள்ள வழி, கேட்டவர் கேளாதவர்க்குச் சொல்வதுதான். "இதைக் கேட்டாயா? இந்தத் தொகுப்பை எப்படியும் வாங்க வேண்டும்" என்னும் பேச்சே அதற்குத் தோணி, அதுவே காற்று.

இவர்களுடைய பாட்டன்மாரும் இதே காரியத்தைச் செய்தவர்கள்தாம். அவர்கள் தபாலட்டையிலே செய்தார்கள்.

இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கிற்று. இரண்டாண்டு கழித்து இந்தியாவிலே தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்தார் பி. வி. கேஸ்கர். சாஸ்திரிய சங்கீதத்திலே ஆழ்ந்த பற்றுடைய அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் அருகிப் போயிற்று. அங்கே சாத்திய கதவு கொழும்பிலே திறந்தது. 1952 டிசெம்பரில் 'பினாக்கா கீத்மாலா' என்னும் இந்தி நிகழ்ச்சி இலங்கை வானொலியில் ஆரம்பமாயிற்று. அமீன் சயானி பம்பாயில் இருந்து பேசிப் பதிவு செய்ய, நாடா கொழும்புக்கு வந்து ஒலிபரப்பாகும். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்தன என்று அவர் பின்னாளிற் சொல்லியிருக்கிறார். போன நேயர்களைத் திரும்பப் பெறவே இந்திய அரசு 1957 ஒக்டோபரில் விவித பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. ஓர் அமைச்சர் நல்ல சங்கீதத்தை ஊட்ட நினைத்ததும், ஊரார் அட்டை எழுதி வேறொன்றைக் கேட்டு வாங்கியதும் எண்ணுந்தோறும் நகைப்பை விளைவிக்கும் வரலாறு. எமக்கும் சாஸ்திரிய சங்கீதத்தில் விருப்பமே. ஆயினும் விருப்பத்தை ஊட்டுவதற்கு அமைச்சரின் கட்டளை உகந்த கரண்டியன்று.

தமிழ்ப் பிரிவிலே எஸ். பி. மயில்வாகனம் அவர்களின் குரல் தமிழ்நாட்டு வீடுகளிலெல்லாம் உறவினர் குரல் போல ஒலித்தது. பின்னர் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோர் வந்தனர். நேயர் விருப்பம் என்றால் பாட்டு மட்டுமா? கேட்டவர் பெயர், ஊர்ப் பெயர், அவருடன் சேர்ந்து கேட்டோர் பெயர், யாருக்காகக் கேட்டாரோ அவர் பெயர் என்று வரிசையாக வாசிப்பார்கள். சில வேளை பெயர்களின் வரிசை பாட்டின் பல்லவியை விட நீண்டிருக்கும். அதற்காகவே காத்திருந்தவர்கள் எத்தனை பேர்! அட்டை எழுதிய நாளிலிருந்து வானொலிப் பெட்டியின் அருகே ஆள் மாறி ஆள் காவல் இருந்த குடும்பங்கள் உண்டு. பெயர் வாசிக்கப்பட்ட மறுநாட் காலை சந்தையிலே அக்குடும்பத்தின் நடையே வேறாக இருக்கும்.

மன்னார்க்காரருக்கு இதிலே ஒரு தனி உரிமையும் உண்டு. 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடிற்று. இடையிலுள்ள கடல் ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான். பிரயாணிகளோடு இருகரைத் தபாற்பைகளும் அவ்வழியே போய்வந்தன. 1964 டிசெம்பர்ப் புயலிலே தனுஷ்கோடி அழிந்தபின் இராமேசுவரத்திலிருந்து கப்பல் வந்தது. 1980களில் அதுவும் நின்றது. காரைக்குடியிலோ மதுரையிலோ ஒருவர் எழுதிய அட்டை, தலைமன்னார் இறங்குதுறையில் இறங்கி, எம் தீவினூடாக ரயிலேறிக் கொழும்பு சென்று, பின்னொரு நாள் பாட்டாகி எம் கூரைகளின் மேலாகக் காற்றிலே திரும்பிப் போனதாக எண்ணிப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

நிற்க. இந்தியாவிலே இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஜூம்ரி தலையா என்றோர் ஊர். அப்பிரக வாணிபத்தால் வளர்ந்த சிற்றூர். அவ்வூரார் இலங்கை வானொலிக்கும் விவித பாரதிக்கும் எழுதிய அட்டைகளுக்குக் கணக்கில்லை. அப்படி ஓர் ஊர் உண்மையிலே உண்டா, அல்லது அறிவிப்பாளர் கற்பித்த பெயரா என்று பிற ஊரார் ஐயுற்றார்களாம். பாட்டுக் கேட்டே ஓர் ஊர் நாடறியப் பெயர் பெற்றது எமக்குத் தெரிந்து அதுவொன்றே.

எனினும் இம்முறையிலே ஒரு குறை உண்டு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் வலியது மேலும் வலியதாகும், மெலிந்தது மறையும். நூறு பேர் கேட்ட பாட்டு இருநூறாவது முறை ஒலிக்கும். ஒருவரே கேட்ட பாட்டு அட்டைப் பெட்டியின் அடியிலே கிடக்கும்.

இங்கிலாந்திலே இக்குறையை நேரே சந்தித்தவர் ஜோன் பீல் என்னும் வானொலியாளர். 1967 முதல் 2004இல் இறக்கும் வரை பி.பி.சி.யின் முதலாம் வானொலியிலே, பிறர் தொடாத சிறு குழுக்களின் இசைத்தட்டுக்களைத் தேடிப் போட்டவர். இன்டி ராக் எனப்படும் இசைக்கு அவரைச் செவிலித்தாய் எனலாம். 1976இல் தம் நேயரின் வாக்குகளைத் திரட்டி ஐம்பது பாடல்களை வரிசைப்படுத்தினார். முதலிடம் பெற்றது லெட் செப்பலின் என்னும் புகழ்பெற்ற குழுவின் பாட்டு. 1978இல் வாக்கெடுத்தபோது அதனைக் கீழே தள்ளி முன்வந்தது, குடும்பப் பகுதியிலே பெயரெழுதக் கூசும் ஒரு முரட்டுக் குழுவின் பாட்டு. இரண்டே ஆண்டில் இளைஞரின் செவி அவ்வளவு மாறியிருந்தது. ஆனால், வென்ற முரடரும் பழைய ஜமீன்தாரைப் போல அங்கேயே குடியிருக்கத் தலைப்பட்டார்கள். ஆண்டுதோறும் அதே பாடல்கள் திரும்பி வந்தன. ஆகவே 1980களில் அவ்வாண்டு வெளிவந்த பாடல்களுக்கே வாக்கு என்று விதியை மாற்றினர். புதியதற்கு இடம் வேண்டுமானால் யாரேனும் நாற்காலியைக் காலி செய்விக்கத்தான் வேண்டும்.

எம் நாட்டிலே அப்படியொரு நாற்காலி 1970களில் காலியாயிற்று. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலம். வானொலியிலே ஈழத்து மெல்லிசைப் பாடல்களுக்கு நேரம் கிடைத்தது. நித்தி கனகரத்தினம் அவர்களின் 'சின்ன மாமியே'யும், ஏ. ஈ. மனோகரன் அவர்களின் 'சுராங்கனி'யும் பொப்பிசை என்னும் பெயரோடு பட்டிதொட்டியெல்லாம் பரவின. திரைப்படத்தின் துணையின்றி, மேடையையும் வானொலியையுமே நம்பி எழுந்த இப்பாடல்களே எம்மவரின் முதற் சுயாதீன இசை என்று நாம் மாணவர்க்குச் சொல்வதுண்டு. அவர்கள் நம்புவதில்லை, பழையதெல்லாம் எப்படி இன்டி ஆகும் என்கிறார்கள். பைலாவின் துள்ளல் போர்த்துக்கேயர் வழியாக வந்தது. அவர்கள் மன்னாரைக் கைப்பற்றியது 1560இல். நானூறு ஆண்டு கழித்து அத்துள்ளலுக்கு எம் இளைஞர் தமிழிற் சொற்கட்டினார்கள். சிங்களமும் தமிழும் கலந்து ஒலித்த 'சுராங்கனி'யோ, கடல் மீனைப் பற்றிய பாட்டு. மீன் விற்கும் கரைக்கு அதைவிட உற்ற பாட்டு ஏது?

பிறகு யுத்தம் வந்தது. 1990இல் தலைமன்னார் ரயில் நின்றது. மறுபடி ஓடியது 2015இல். அதே 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டி முதலாய தீவின் ஊர்களும் வெறுமையாயின. புத்தளம் கரையில் ஒதுங்கிய அக்குடும்பங்கள் கொண்டுசென்ற பொருள்களிலே வானொலிப் பெட்டிக்கும் ஒலிநாடாவுக்கும் இடம் இருந்திராது. வடபகுதியின் பல இடங்களில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோவின் மின்சாரத்திலே மற்றவர்கள் வானொலி கேட்டார்கள். கை ஓய்ந்தால் குரலும் ஓயும். பாட்டுக் கேட்பதற்கு அப்போதிருந்த விலை அது.

கடந்த சில ஆண்டுகளில் எம் மாணவர் பட்டியல்களில் ஓயாது வந்த தமிழ்ப் பாட்டு 'எஞ்சாய் எஞ்சாமி'. 2021 மார்ச்சில் வெளியான இது திரைப்பாடல் அன்று. சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே உழைத்த தம் பாட்டியார் வள்ளியம்மாளின் வாழ்வை நெஞ்சிற் கொண்டு அறிவு அதை எழுதினார். துள்ளி ஆடும் எம் பிள்ளைகளிடம் ஒன்றைச் சொன்னோம். 19ஆம் நூற்றாண்டிலே தோட்டங்களுக்குப் புறப்பட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளர் வந்திறங்கியது இம்மன்னார்க் கரையிலேதான். இங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை கால்நடையாகச் சென்றார்கள். நோயால் வழியிலே மாண்டவர் பலர். 1964 ஒக்டோபரின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் அவர்களின் பேரப்பிள்ளைகள் அனுப்பப்பட்டதும் இதே தலைமன்னார்த் துறை வழியாகவே. வகுப்பு சிறிது நேரம் பேசாதிருந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர் அப்பாட்டை மறுபடி போடச் சொன்னார்.

அதன்பின் அவ்வகுப்புக்கு ஒரு பயிற்சி வைத்தோம். பத்துப் பாட்டு எழுதிவர வேண்டும். ஐந்து தம் விருப்பம். ஐந்து வீட்டு மூத்தோரின் விருப்பம். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை முதன்முதல் தமக்குச் சொன்னவர் யார் என்று குறிக்க வேண்டும். முதல் ஐந்துக்கு எதிரே மிகுதியும் கண்ட விடை 'கைப்பேசி' என்பது. இவர் இதைக் கேட்டார், ஆகவே இதையும் கேட்பார் என்று இயந்திரமே கணித்து அடுத்த பாட்டை ஊட்டிவிடுகிறது. கேஸ்கர் செய்ய முயன்று தோற்றதை அது எளிதாகச் செய்கிறது!

இரண்டாம் ஐந்து வேறு கதை. வங்காலை மாணவி ஒருவர், அண்ணாவியார் ஒருவர் கூத்திலே பாடிய தருவை எழுதிவந்தார்; அதற்கு இசைத்தட்டுமில்லை, நாடாவுமில்லை. இன்னொருவரின் தாயார், 1980களில் தம் தமக்கையின் பிறந்தநாளுக்கு வானொலியிற் கேட்ட பாட்டை எழுதி, அன்று வாசித்த பெயர்கள் பதினொன்றையும் வரிசை தவறாது சொன்னாராம். பேசாலை மாணவரோ கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டொன்றைக் கொண்டுவந்தார். அதன் தலைப்பு என்னவென்று பாட்டனாரைக் கேட்டாராம். "தலைப்பும் இல்லை, ஒண்டும் இல்லை, தம்பி. இழுத்தால் வரும்" என்றாராம் கிழவர்.

இதிலேதான் சிக்கல். உழவு இயந்திரத்திலே பூட்டிய உருளை கயிற்றை இழுக்கிற இடங்களில் அம்பாவுக்கு வேலையில்லை. முப்பது பேர் தோளுக்குத் தோள் நின்று இழுத்தபோது பிறந்த பாட்டு, இழுப்பாரின்றி எப்படி வரும்? அம்மாணவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு பாட்டனார் முன்னே உட்கார்ந்தார். கிழவருக்கு முதலடி வந்தது, மேலே வரவில்லை. பிறகு முற்றத்துப் பனையிலே ஒரு கயிற்றைக் கட்டி அதன் தலைப்பைக் கிழவர் கையிலே கொடுத்தார்களாம். அவர் இழுத்தார். மூன்று நிமிடமும் சில விநாடியும் பதிவாகியிருக்கிறது. இடையிலே நாய் குரைக்கிறது. ஒரு குழந்தை சிரிக்கிறது. வகுப்பிலே அதைப் போட்டோம். அடுத்த வாரம் பன்னிரண்டு பேரின் பட்டியல்களிலே, மேனாட்டுக் குழுக்களுக்கிடையே, 'பேசாலை அம்பா' என்று ஒரு வரி ஏறியிருந்தது.

வாசகர் வீடுகளிலும் இந்தப் பயிற்சியை இன்று மாலையே செய்து பார்க்கலாம். ஐந்தும் ஐந்துமாகப் பத்துப் பாட்டு எழுதி எமக்கு அனுப்புங்கள். இதுவரை பதிவாகாத பாட்டு இருந்தால் அதன் கீழே கோடிடுங்கள். கேட்டவர் பெயர், ஊர், உடன் கேட்டோர் பெயர், யாருக்காகக் கேட்டீர்களோ அவர் பெயர் ஆகிய நான்கையும் எழுத மறவாதீர்கள். பெயர்கள் எத்தனை நீண்டாலும் இப்பகுதியில் இடம் தருவோம்.