அவருக்குப் பொன்னாடை, அவளுக்குத் திருப்பூர் பஸ்

2007இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள எங்கள் பங்குக் கோவிலில் ஒரு பிரியாவிடை விழா நடந்தது. மாணவியர் விடுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். பங்குப் பேரவை சார்பில் பொன்னாடை போர்த்தினார்கள், கேக் வெட்டினார்கள். பாடல் குழுவில் நின்று நானும் பாடினேன். எனக்குப் பதினைந்து வயது. வழக்கமாக என் பக்கத்தில் நின்று பாடும் அக்கா அன்று இல்லை. மூன்று வாரத்துக்கு முன்பே அவளைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பிளஸ் டூ பாதியில் நின்றது.

ஏன் என்று ஊருக்கே தெரியும். அந்த மனிதர் தன்னிடம் நடந்துகொண்டதை அவள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா நியாயம் கேட்டு சாமியார் பங்களாவுக்குப் போனார். பேரவைப் பெரியவர்கள் உள்ளே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து போன அம்மா செருப்புக் கழற்றும் இடத்தில் நின்றார். "புள்ள பேரு கெட்டுப் போயிரும்மா, மன்னிச்சு விட்டுரு, ஆண்டவர் பாத்துக்குவாரு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பேரவையில் இருந்த அத்தனை பேரும் ஆதிக்கசாதிக் கிறித்தவர்கள். அந்த மனிதரும் அவர்கள் சாதிதான். நாங்கள் தலித் கிறித்தவர்கள். அந்தக் கூட்டத்தில் மன்னிக்கச் சொல்லப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்குத் திருச்சபை எப்படி ஆதரவு தரலாம் என்று இப்போது கருத்தரங்குகள் நடக்கின்றன. ஆற்றுப்படுத்துதல், ஜெபம், உள்மனக் காயம் ஆற்றும் தியானம் என்று பேசுகிறார்கள். நான் ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறேன்: புகார் வந்த பிறகு ஊரை விட்டுப் போவது யார்?

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஊட்டி மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஜோசப் பழனிவேல் ஜெயபால் என்ற குரு அமெரிக்காவின் மினசோட்டாவில் பணியாற்றியபோது பதின்வயதுப் பெண்களிடம் அத்துமீறியதாகக் குற்றம் சாட்டப்பட்டார். அதற்குள் அவர் தமிழ்நாடு திரும்பியிருந்தார். 2012இல் இங்கே கைதாகி, அமெரிக்காவுக்கு நாடு கடத்தப்பட்டு, 2015இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். முடித்துவிட்டு ஊர் வந்தார். 2016இல், வாடிகனைக் கலந்துகொண்டு, அவர் மீதான பணிநீக்கத்தை மறைமாவட்டம் விலக்கிக்கொண்டது. கேரளத்தில் 2018இல் ஓர் ஆயர் மீது கன்னியர் ஒருவர் புகார் கொடுத்தார். அவருடன் கொச்சி வீதியில் உட்கார்ந்து போராடிய சக கன்னியருக்கு 2019 ஜனவரியில் இடமாற்ற உத்தரவு வந்தது. அந்த ஆயரை 2022இல் கோட்டயம் நீதிமன்றம் விடுவித்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, தீர்ப்பு வருமுன்னே மூட்டை கட்டச் சொன்னது யாரை என்பது பதிவில் இருக்கிறது.

காணாமல் போன ஒரு ஆட்டுக்காகத் தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டுப் போன மேய்ப்பனின் கதையை ஆண்டுதோறும் பிரசங்கத்தில் கேட்கிறோம். எங்கள் ஊரில் தொண்ணூற்றொன்பதின் மானத்தைக் காப்பாற்ற அந்த ஒன்றைத்தான் விரட்டினார்கள்.

"இப்போது சட்டம் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. 2012இன் போக்சோ சட்டத்தில் 19ஆம் பிரிவு, குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்த எவரும் போலீசிடம் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. மறைத்தால் தண்டனை. நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு என்று அதில் விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. 2019இல் போப் பிரான்சிஸ் கொண்டுவந்த விதிகளோ, குருக்களும் கன்னியரும் சபை அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தின. போலீசைப் பொறுத்தவரை, நாட்டுச் சட்டத்துக்கு இது குறுக்கே நிற்காது என்பதோடு நிறுத்திக்கொண்டன. அந்த இடைவெளியில்தான் பங்களாவின் நாற்காலிகள் கிடக்கின்றன. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளிலும் நாற்காலிகளுக்குப் பஞ்சமில்லை. தனி பெந்தெகொஸ்தே சபைகளில் இன்னும் மோசம். அங்கே பாஸ்டரே ஆயர், பாஸ்டரே பேரவை.

சாதியைப் பேசாமல் இதைப் பேச முடியாது. இதே கொடுமை ஒரு இந்து தலித் பெண்ணுக்கு ஆதிக்கசாதிக்காரனால் நடந்தால் 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, அரசின் நிவாரணத் தொகை இருக்கிறது. என் அக்காவுக்கு இல்லை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவர்களைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் உள்ளே வந்தார்கள். நாங்கள் இன்னும் வாசலில். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10ஐத் திருச்சபைகள் கறுப்பு தினமாக அனுசரிக்கின்றன, நானும் கறுப்புக் கொடி பிடித்திருக்கிறேன். டெல்லி எங்களை வாசலில் நிறுத்துவதைக் கண்டிக்கிற அதே பேரவைதான் அந்த அம்மாவைச் செருப்பு கிடந்த இடத்தில் நிறுத்தியது.

தோழர்கள் சிலர் தயங்குகிறார்கள். "இதை எழுதினால் சங்கிகள் எடுத்துக்கொள்வார்கள், சிறுபான்மையினர் அடிபடும் நேரம் இது" என்கிறார்கள். அடிபடுகிறோம், எனக்குத் தெரியாதா? ஆனால் 2022 ஆகஸ்ட் 15 அன்று பில்கிஸ் பானு வழக்கின் குற்றவாளிகள் 11 பேர் குஜராத் சிறையிலிருந்து வெளியே வந்தபோது மாலை போட்டு வரவேற்றவர்களிடம் எங்கள் பெண்களுக்கான நியாயத்தைக் கேட்கப் போவதில்லை. அந்த மாலையைக் கண்டு கொதித்த நாம் இந்தப் பொன்னாடைக்கு மட்டும் ஏன் வாய்மூடி இருக்க வேண்டும்? வேங்கைவயலையும் நினைத்துக்கொள்ளுங்கள். குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதாக 2022 டிசம்பரில் முறையிட்ட சேரியிலிருந்தே மூன்று பேரைக் குற்றவாளிகள் என்று 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதை எதிர்த்துக் கத்துகிற தொண்டை பங்களா வாசலிலும் கத்தத்தான் வேண்டும்.

சரி, ஆதரவு என்றால் என்ன? புதுக்கோட்டைக்காரர்களுக்கு வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. 1886இல் இங்கே பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த பெண்களை விடுதிகள் சேர்க்க மறுத்தபோது அவர் தன் வீட்டைத் திறந்தார். 1930இல் அவ்வை இல்லம் அப்படித்தான் தொடங்கியது. கோவிலின் பெயர் கெட்டுவிடுமே என்று அவர் கவலைப்படவில்லை.

திருச்சபையிடம் விடுதி இருக்கிறது, பள்ளி இருக்கிறது, நிலம் இருக்கிறது, வக்கீல்கள் இருக்கிறார்கள். புகார் வந்த அன்றே போலீசுக்குப் போகட்டும். குற்றம் சாட்டப்பட்டவர் வழக்கு முடியும் வரை பீடத்துக்கும் விடுதிக்கும் வெளியே இருக்கட்டும், இன்னொரு ஊரின் பிள்ளைகளிடம் அனுப்பப்படாமல். பெண்ணின் விடுதி இடமும் பள்ளிக் கட்டணமும் அப்படியே இருக்கட்டும். புதுக்கோட்டை மகளிர் நீதிமன்றத்துக்கு வாய்தாவுக்கு வாய்தா போய்வர பஸ் காசும், அன்றைய கூலியும் வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்க்கு இதுதான் முதல் ஆதரவு. போக்சோ விதிகளின்படி குழந்தைகள் நலக் குழு மூலம் ஆதரவு நபரை நியமிக்கக் கேட்கலாம். எத்தனை பங்குகளில் இது தெரியும்? விசாரணைக் குழுவில் சபைக்கு வெளியே இருந்து பெண்கள் வர வேண்டும், அதில் தலித் பெண்கள் இருக்க வேண்டும். "மன்னித்துவிடு" என்ற சொல்லை அவளாக எடுக்கும் வரை வேறு யாரும் எடுக்கக் கூடாது.

போன ஆண்டு ஒரு சாவு வீட்டில் அக்காவைப் பார்த்தேன். முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. "அவன் மேலகூட இல்லடி, நீங்க மேல்தான் எனக்குக் கோவம். என் எடத்துல வேறொருத்திய நிக்கவச்சுப் பாடினீங்கல்ல" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டேன். "எங்கம்மாவ வெளிய நிக்கவச்சது தப்புன்னு பேரவை ஒரு கடுதாசி எழுதித் தரட்டும், வாரேன்" என்றாள்.

அவள் கேட்டதை எழுதி, நானும் கையெழுத்துப் போட்டுப் பேரவையில் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. அடுத்த கூட்டத்தில் வைக்கலாம் என்றிருக்கிறார்கள்.