எண்ணிக்கையும் மேதைமையும்

ஒரு துறையின் தலைசிறந்த விஞ்ஞானிகள் யாவர் என்ற வினாவுக்கு, அவர்களுடைய கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்று எண்ணி விடை கூறும் வழக்கம், சர்வகலாசாலை நியமனங்களையும் பதவி உயர்வுகளையும் நிர்ணயிக்குமளவுக்கு வளர்ந்திருப்பது நமக்குப் பெருங்கவலை அளிக்கிறது.

1964இல் யூஜீன் கார்ஃபீல்டு வெளியிட்ட மேற்கோள் அட்டவணை, ஆராய்ச்சி நூல்களைத் தேடுவோருக்கு வழிகாட்டியாகவே பிறந்தது. 2005இல் கலிபோர்னியாவின் பௌதிகப் பேராசிரியர் ஹிர்ஷ் 'எச்' குறியீட்டை வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளில் 20, ஒவ்வொன்றும் 20 முறையேனும் எடுத்தாளப்பட்டிருந்தால், அவருடைய குறியீடு 20 ஆகும். கணக்கு எளிது, ஆனால் மேதைமை இக்கணக்குக்குள் அடங்குவதன்று.

புரூன் நகர மடாலயத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஆண்டுக்கணக்கில் வளர்த்து, உருண்டை விதைகளையும் சுருங்கிய விதைகளையும் தனித்தனியே பிரித்தெண்ணிய கிரிகோர் மெண்டல் 1866இல் பிரசுரித்த கட்டுரை, 1900 வரையில் பெரும்பாலும் கவனிப்பாரற்றே கிடந்தது. இந்த அளவுகோலை அன்று பிடித்திருந்தால், மரபியலின் பிதாமகருக்குப் பட்டியலின் அடியிலும் இடம் கிடைத்திராது. மாறாக, புரதத்தை அளக்கும் முறையொன்றை விளக்கி ஆலிவர் லௌரி முதலானோர் 1951இல் எழுதிய கட்டுரை, 3 லட்சத்துக்கும் அதிகமான முறை எடுத்தாளப்பட்டிருக்கிறது. அதை மகத்தான கட்டுரையென்று லௌரியே கருதவில்லை.

எடுத்தாளப்படுவது பயன்பாட்டின் அடையாளமேயன்றி, மேன்மையின் பிரமாணமாகாது. எனவே, எண்களைத் துணையாக வைத்துக்கொள்வதில் தோஷமில்லை. ஆயினும், ஒருவருடைய ஆராய்ச்சியை எடுத்துவைத்துப் படித்து, அதன் சத்தியத்தையும் புதுமையையும் சீர்தூக்கிப் பார்க்கும் கடமையைத் தேர்வுக் குழுவினர் ஒருநாளும் கைவிடலாகாது என்பதே நமது திடமான அபிப்பிராயம்.