கையும் கற்கட்டும்

கொங்கு நாட்டின் வளர்ச்சியைப் பேசுவோர் அதன் நூற்பாலைகளையும் வார்ப்படப் பட்டறைகளையும் தண்ணீர்ப் பம்புகளையும் மாவரைக்கும் கிரைண்டரையும் தவறாது குறிப்பிடுவர். கருவியைத் தொட்டுப் பழகுவதும், பழுதானதைப் பிரித்துப் பார்ப்பதும் இம்மண்ணின் இயல்பாக அமைந்ததே அவ்வளர்ச்சிக்குரிய காரணங்களுள் ஒன்று. ஆயின் இதே மண்ணில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு அறைகளுள் நுழைந்து பார்ப்போமானால், மாணவரின் கைக்கு எழுதுவதன்றி வேறு வேலை பெரும்பாலும் இருப்பதில்லை. இம்முரண்பாட்டை எண்ணிப் பார்க்க நாம் கடமைப்பட்டுள்ளோம்.

சூலூரை அடுத்த கலங்கலில் 1893ஆம் ஆண்டு பிறந்த ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பை நிறைவு செய்தவரல்லர். இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, பொருள் ஈட்டி அதனை விலைக்கு வாங்கி, உறுப்பு உறுப்பாகக் கழற்றி மீண்டும் பூட்டி இயந்திர நுட்பம் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தைக் கொண்டு தொழில் தொடங்கினார். 1945இல் அவர் முயற்சியால் எழுந்த தொழில்நுட்பக் கல்வி நிறுவனமே இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது.

இவ்வரலாற்றிலிருந்து பள்ளியே வேண்டியதில்லை என்னும் முடிவுக்குச் சிலர் வந்துவிடுகின்றனர். அது பிழை. இயந்திரத்தைக் கழற்றிய அனைவரும் நாயுடு ஆகிவிடவில்லை. கை செய்ததை 'ஏன்' என்று மனம் கேட்கும்போதுதான் தொழில் அறிவியலாகிறது. அக்கேள்வியை எல்லாக் குழந்தைகளிடத்தும் எழுப்புவதற்கே பள்ளி வேண்டும்.

நம் பள்ளி நாள்களை நினைத்துப் பார்க்கின்றோம். கண்ணாடிக் கதவிட்ட அலமாரி ஒன்றில் சோதனைக் குழாய்களும் காந்தங்களும் அடுக்கப்பட்டிருந்தன. மேலதிகாரி பார்வையிட வரும் நாளில் மட்டுமே பூட்டுத் திறக்கும். நெம்புகோலின் மூவகைகளையும் படம் வரைந்து மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் பெற்றோம். அன்று மாலையே கிணற்றடியில் கப்பியில் கயிற்றை இட்டு நீர் இறைத்தோம். பாக்குவெட்டியால் பாட்டிக்குப் பாக்கு நறுக்கிக் கொடுத்தோம். பாடத்தில் படித்த எளிய எந்திரங்கள் அவையே என்பது நமக்குத் தோன்றவே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழியின் பொருள் பல்லாண்டு கழித்தே விளங்கிற்று.

இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. மாலையில் தந்தையின் பட்டறையில் அளவுகோல் பிடித்து மில்லிமீட்டர் பிசகாமல் அளக்கும் சிறுவன், காலையில் வகுப்பறையில் தசமக் கணக்கில் தோற்கிறான். கடையில் சில்லறையைத் தவறாமல் எண்ணிக் கொடுக்கும் சிறுமி, பின்னம் என்றவுடன் தலை குனிகிறாள். 'இப்பிள்ளைக்குக் கணக்கு வராது' என்ற ஒரு சொல், பன்னிரண்டு வயதிலேயே அக்குழந்தையின் வழியை அடைத்துவிடுகிறது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைகளே இச்சொல்லுக்கு மிகுதியும் இரையாகின்றனர்.

செய்து கற்றல் எவ்வாறு?

வட்டத்தின் சுற்றளவை எடுத்துக்கொள்வோம். டப்பா மூடி, தட்டு, மிதிவண்டிச் சக்கரம் ஆகியவற்றை நூலால் சுற்றி அளந்து, விட்டத்தால் வகுக்கச் சொல்லலாம். ஒரு குழுவுக்கு 3.0 வரும்; இன்னொன்றுக்கு 3.2 வரும், சக்கரத்தை அளந்தவர்க்கு 3.1 வரக்கூடும். 'நூலில் உள்ள 3.14 ஏன் வரவில்லை?' என்ற வினா அங்கே பிறக்கும். நூல் தளர்ந்திருந்தது, விட்டம் நடுவழியே செல்லவில்லை, சிறு மூடியில் நேரும் ஒரு மில்லிமீட்டர்ப் பிழை பெரிய சக்கரத்தில் பொருட்டாவதில்லை என்பன போன்ற உண்மைகளை மாணவரே கண்டறிவர். விடை பொருந்தாத அந்த இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது.

நண்பகலில் சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கும் என்பது பலரும் நம்பும் செய்தி. ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு நாள்தோறும் நிழலை அளந்தால், கோவையில் அது முற்றிலும் மறைவது ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்டு இறுதிப் பகுதியிலுமாக ஆண்டில் இரு முறைதான் என்பது புலப்படும். ஆகஸ்டில் பள்ளி நடைபெறும் காலமாதலின், வானம் தெளிந்திருந்தால் முற்றத்திலேயே இதனைக் காணலாம். செலவு ஒரு குச்சி மட்டுமே.

ஓர் அட்டைப் பெட்டியில் ஊசித்துளை இட்டு, எதிர்ப்புறம் எண்ணெய்த் தாள் ஒட்டினால் வெளியே உள்ள மரம் தலைகீழாகத் தோன்றும். பஸ்ரா நகரில் 965ஆம் ஆண்டளவில் பிறந்த இப்னுல் ஹைதம், இருட்டறையில் துளை வழி புகும் ஒளியை ஆராய்ந்தே ஒளியியலுக்கு அடித்தளமிட்டார். முன்னோர் கூற்றாயினும் சோதித்துப் பார்த்தே ஏற்க வேண்டும் என்ற அவர்தம் நெறியை, அவர் பெயரைப் பெருமையோடு உச்சரிக்கும் நாம் நம் பிள்ளைகளின் வகுப்பறைக்குக் கொண்டு சேர்த்தோமா?

முயற்சிகளும் படிப்பினைகளும்

தமிழக அரசு 28.11.2022 அன்று திருச்சியில் 'வானவில் மன்றம்' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. 13,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்க்கு அறிவியல், கணித ஆய்வுகளைச் செய்து காட்டவும் செய்விக்கவும் கருத்தாளர்கள் பள்ளிதோறும் செல்லும் ஏற்பாடு இது. போற்றத்தக்கதே. எனினும் கருத்தாளர் வரும் நாளில் மட்டும் அறிவியல் விழாக்கோலம் பூண்டு, மறுநாள் பழைய நிலைக்குத் திரும்புமாயின் பயன் குன்றும். பாடநூலிலேயே 'செயல்பாடு' என்று கட்டமிட்டுத் தந்துள்ளனர். அக்கட்டத்தையும் உரக்கப் படித்துக் கடந்துவிடும் வகுப்புகள் உள்ளன என்பதை நாம் மறைப்பதற்கில்லை.

மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம் இவ்வகையில் எண்ணத்தக்கது. அங்கும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு மாணவரே குழுக்களாக அமர்ந்து ஆய்வு செய்தனர். அத்திட்டத்தார் தேர்வையும் மாற்றினர். புத்தகத்தைத் திறந்து வைத்தே விடை எழுதச் செய்தனர். செய்முறைத் தேர்வும் வைத்தனர். முப்பதாண்டுகள் நடந்த அத்திட்டம் 2002இல் நிறுத்தப்பட்டது வருந்தத்தக்கதே. ஆயினும் தேர்வு மாறாமல் கற்பித்தல் மாறாது என்னும் பாடத்தை அது நமக்கு விட்டுச் சென்றுள்ளது.

'பாடத்திட்டம் முடியாது, வகுப்பில் இரைச்சல் மிகும்' என்று ஆசிரியர் கூறுவதில் உண்மை உண்டு. அறுபது பேர் நிறைந்த அறையில் ஒருவர் படும் பாட்டை நாம் அறிவோம். எல்லாப் பாடத்தையும் இவ்வாறு நடத்த இயலாது; வாய்பாட்டை மனத்தில் இருத்தத்தான் வேண்டும். கையால் செய்வது மட்டுமே அறிவியலாகிவிடாது. செய்தபின் பேசவும் எழுதவும் வேண்டும். ஆதலின் வாரம் ஒரு பாடவேளையேனும் மாணவர் கைக்கு உரியதாகட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

ஆசிரியப் பெருமக்கள் அலமாரியைத் திறந்து வைக்கட்டும். உடைந்த குழாய்க்கு ஆசிரியர் கணக்குக் காட்ட வேண்டும் என்ற அச்சத்தை நிர்வாகத்தினர் நீக்கட்டும். சமுதாயப் பெரியோர் ஆண்டுவிழாக் கேடயத்திற்கு அளிக்கும் நன்கொடையில் ஒரு பகுதியைத் தராசுக்கும் காந்தத்திற்கும் வழங்கட்டும். பட்டறை வைத்திருப்போர் ஒரு நாள் மாணவரை அழைத்து, அளக்கும் முறையைக் காட்டட்டும். கல்லூரி மாணவச் செல்வங்கள் தம் தெருவிலுள்ள பள்ளிக்கு ஒரு குச்சியும் நூலுமாகச் செல்லட்டும். கொங்கு நாட்டை உயர்த்தியது மக்களின் கை. அக்கையைப் பள்ளி வாயிலில் கழற்றி வைத்துவிட்டு வருமாறு நம் குழந்தைகளிடம் இனியும் நாம் சொல்லலாகாது.