வாசலா, வீடா?

"சம்பவம் நடந்தது உள்ளயா, வெளியிலயா?"

காவல் நிலையத்தில் என் சித்தப்பாவிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இது. எங்கே அடிபட்டது, ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்றெல்லாம் அதற்குப் பிறகுதான் கேட்டார்கள். சித்தப்பா கொத்தனார். ஊர்த்தெருவில் ஒரு வீட்டுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பிக் கொடுத்துவிட்டு, பாக்கிக் கூலி கேட்கப் போயிருக்கிறார். வாசலில் நின்றவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டி, நெஞ்சில் கைவைத்துத் தள்ளியிருக்கிறார்கள். எதிரே டீக்கடை. நான்கு பேர் பார்த்திருக்கிறார்கள்.

நான் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருப்பதே வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைகளைத்தான். ஆகவே அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது, சட்டத்தின் 3(1) பிரிவின்படி 'பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில்' நடந்தால்தான் குற்றம். 2020 நவம்பரில் உத்தரகாண்ட் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், வீட்டின் நான்கு சுவருக்குள் வெளியார் யாரும் இல்லாதபோது பேசியது இதில் அடங்காது என்றது. 2025 ஜனவரியில் நம் திருச்சி மாவட்ட வழக்கு ஒன்றையும் இதே காரணத்தால் ரத்து செய்தது. அங்கே திட்டு வாங்கியவர் ஓர் அரசு ஊழியர், இடம் அவருடைய அலுவலக அறை. வீட்டுக்கு வெளியே சாலையில் போகிறவர் பார்க்கும்படி நடந்தால் அது பொதுப்பார்வைதான் என்பதையும் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் காவல் நிலையத்துக்கு வந்து சேர்வது தீர்ப்பின் பாதிதான். 'வீடு என்றால் வழக்கு நிற்காது' என்கிற பாதி.

கூலி கேட்கவும், பாத்திரம் தேய்க்கவும், சாவு சொல்லவும் நம் ஆட்கள் போய் நிற்கிற இடம் ஆண்டையின் வாசல்தான். அங்கே வசவு கேட்டால் சாட்சி யார்? அந்த வீட்டுக்காரர்களா?

சித்தப்பா சொல்லச் சொல்ல ரைட்டர் எழுதினார். "வாசலில் நின்றபோது" என்று அவர் சொன்னது, "வீட்டில் வைத்து" என்று தாளில் ஏறியது. வேண்டுமென்றே செய்தாரா, கைப்பழக்கமா, நான் அறியேன். சட்டத்தின் 4வது பிரிவு, வாய்மொழிப் புகாரை எழுதியபின் புகார்தாரருக்குப் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்கிறது. அதைச் செய்யத் தவறும் அதிகாரிக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. யாரும் படித்துக் காட்டவில்லை. நானும் அன்று கேட்கவில்லை. இத்தனை வருடம் இந்தச் சட்டத்தைப் படித்தவன், பதற்றத்தில் கோட்டைவிட்டேன்.

மனு ரசீது கொடுத்தார்கள். வழக்கு? "புதுச் சட்டம் வந்துடுச்சு தம்பி. 14 நாள் விசாரிச்சுட்டுத்தான் எஃப்.ஐ.ஆர்."

இந்த 14 நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலே முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்ய வேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. சில வகை வழக்குகளுக்கு மட்டும் முன்விசாரணையை அனுமதித்தது. 2018 மார்ச் 20இல் மகாஜன் வழக்கில் இரண்டு நீதிபதிகள், வன்கொடுமைப் புகார்களில் முதலில் டி.எஸ்.பி. விசாரிக்கலாம், கைதுக்கு மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்று எழுதினார்கள். சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஏப்ரல் 2ஆம் தேதி நாடெங்கும் நம் மக்கள் தெருவில் இறங்கினார்கள். வட மாநிலங்களில் பலர் உயிரிழந்தார்கள். அந்த உயிர்களின் விலையாக ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது: முதல் தகவல் அறிக்கைக்கு முன்விசாரணை தேவையில்லை, கைதுக்கு ஒப்புதல் தேவையில்லை. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே தன் உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் 18ஏ செல்லும் என்றது.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்தது. அதன் 173(3) பிரிவு, 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி.யின் முன் அனுமதியோடு 14 நாளுக்குள் முன்விசாரணை நடத்தலாம் என்கிறது. வன்கொடுமைச் சட்டத்தின் 3(1) பிரிவில் வரும் குற்றங்களுக்கு அதிகபட்ச தண்டனை 5 ஆண்டு. 2018இல் வாசல் வழியாகத் துரத்தியது கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துகொண்டது.

சட்டப்படி இது செல்லாது என்பதே என் வாதம். வன்கொடுமைச் சட்டத்தின் 20வது பிரிவு மற்ற சட்டங்களை மேவி நிற்கிறது. சன்ஹிதாவின் 5வது பிரிவும் சிறப்புச் சட்டங்களில் கைவைக்காது என்றே சொல்கிறது. ஆனால் இரவு எட்டு மணிக்கு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து 20வது பிரிவு பேசினால் யார் கேட்கிறார்கள்? டி.எஸ்.பி. அனுமதிக் கடிதத்தைக் காட்டுங்கள் என்றேன். அப்படி ஒன்று இல்லை.

முன்விசாரணையே கெட்டது என்று நான் சொல்லவில்லை. 2025 மார்ச்சில், ஒரு கவிதைக்காக நாடாளுமன்ற உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடி மீது குஜராத் போலீஸ் போட்ட வழக்கை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், பேச்சுரிமை சம்பந்தப்பட்ட புகார்களில் இந்த 173(3)ஐத்தான் பயன்படுத்தச் சொன்னது. மேடையில் பேசியதற்காக வழக்கு வாங்கும் நம் தோழர்களுக்கும் அது கவசம். 7 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கண்மூடித்தனமாகக் கைது செய்யாதே என்ற 2014 அர்னேஷ் குமார் தீர்ப்பும் அப்படியே. சிறையை அதிகம் பார்த்தவர்கள் நாம்தான். ஆனால் நான் படித்த கோப்புகளில் திரும்பத் திரும்ப ஒன்றைக் காண்கிறேன். நோட்டீஸ் கொடுத்து அனுப்பப்படுவது ஊர்த்தெரு ஆள், எதிர் வழக்கில் இரவோடு இரவாகத் தூக்கப்படுவது சேரிப் பையன்.

அந்த 14 நாளில் என்ன நடந்தது? மூன்றாம் நாள் சமாதானம் பேச இரண்டு பேர் வந்தார்கள். ஆறாம் நாள் சித்தி வேலை செய்யும் வயலில் "இனி வராதே" என்றார்கள். ஒன்பதாம் நாள் அந்த வீட்டுக்காரர், சித்தப்பா அத்துமீறி நுழைந்து மிரட்டினார் என்று புகார் கொடுத்தார். அது அன்று மாலையே பதிவானது. வீட்டில் அத்துமீறி நுழைவதற்கு அதிகபட்சம் ஓராண்டு, மிரட்டலுக்கு இரண்டாண்டு. மூன்று ஆண்டுக்குக் குறைவு என்பதால் 173(3) அங்கே வராது, 14 நாள் காத்திருக்க வேண்டியதில்லை! சட்டம் தெரிந்தவர் யாரோ எழுதிக் கொடுத்த புகார்.

பதின்மூன்றாம் நாள்தான் எங்கள் வழக்கு பதிவானது. நகலைப் பார்த்தபோதுதான் அந்த "வீட்டில் வைத்து" கண்ணில் பட்டது. இப்போது அந்தச் சொல் எதிர் வழக்குக்கும் சாட்சி. வீட்டுக்குள் நுழைந்ததை இவரே ஒப்புக்கொண்டார் அல்லவா?

புலன்விசாரணை டி.எஸ்.பி.யிடம் இருக்கிறது. கூடுதல் வாக்குமூலத்தில் 'வாசல்' என்று திருத்தச் சொல்லி மனு கொடுத்தோம். இந்த முறை ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டபிறகே சித்தப்பா கையெழுத்துப் போட்டார். டீக்கடையில் இருந்த நால்வரில் இருவர் சாட்சி சொல்ல வருகிறார்கள். ஒருவர் ஊர்த்தெருக்காரர். குற்றப்பத்திரிகைக்கு 60 நாள் கெடு அடுத்த மாதம் முடிகிறது. பாக்கிக் கூலி இன்னும் வரவில்லை.