வாசிக்கலாம், கூடக் கூடாது: பல்கலைக்கழக நூலகம் யாருடைய பொது இடம்?

2015ஆம் ஆண்டின் இறுதியில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் ஐந்து தலித் ஆய்வு மாணவர்களுக்கு எதிராக ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி அவர்கள் தத்தம் துறைக்குச் செல்லலாம், நூலகத்துக்குச் செல்லலாம், கல்விசார் கருத்தரங்குகளில் கலந்துகொள்ளலாம். விடுதி, நிர்வாகக் கட்டடம், பிற பொது இடங்கள் ஆகியவற்றில் மட்டும் குழுவாகக் காணப்படக் கூடாது. அந்த ஐவருள் ஒருவரான ரோகித் வெமுலாவை 2016 சனவரி 17 அன்று நாம் இழந்தோம்.

அந்த ஆணையின் தருக்கம் இன்றும் நம் வளாகங்களில் உயிரோடிருக்கிறது. தனியாளாக அமர்ந்து வாசிக்கும் தலித் மாணவரை நிர்வாகம் ஏற்றுக்கொள்கிறது. வாசித்ததை நான்கு பேரைக் கூட்டிப் பேசத் தொடங்கினால், அவரே ஒழுங்குப் பிரச்சினையாகிவிடுகிறார்.

நூல் இரவல் தருவதோடு இன்றைய பல்கலைக்கழக நூலகத்தின் பணி முடிந்துவிடுவதில்லை. நூல் வெளியீடு, எழுத்தாளர் சந்திப்பு, ஆவணக் கண்காட்சி, திரையிடல் எனப் பலவும் அதன் அரங்கில் நடைபெறுகின்றன. ஒரு வளாகம் எதைத் தன் பண்பாடாகக் கருதுகிறது என்பதை அந்த நிகழ்ச்சி நிரலே காட்டிவிடும். எனவே அந்நிரலை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது சாதி குறித்த கேள்வியும் ஆகும்.

ஐதராபாத் நிகழ்வுகளின் தொடக்கத்திலும் ஒரு திரையிடல் இருந்தது. 2015 ஆகஸ்டில் டெல்லியின் கிரோரி மால் கல்லூரியில் முசாஃபர்நகர் வன்முறை குறித்த ஆவணப்படத்தின் திரையிடல் தடுத்து நிறுத்தப்பட்டது. அதைக் கண்டித்து ஐதராபாத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கம் போராடியது; அதன் தொடர்ச்சியாகவே மாணவர்கள்மீதான நடவடிக்கைகள் வந்தன. அதே ஆண்டு மே மாதம், சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரம், பெயர் குறிப்பிடாத ஒரு புகாரைத் தொடர்ந்து இரத்து செய்யப்பட்டது. நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்த பின்னர் சூனில் அது மீண்டும் வழங்கப்பட்டது. இரண்டு இடங்களிலும் சிக்கலுக்குள்ளானது, மாணவர்கள் கூடிப் பேசியதும் எதிர்வினையாற்றியதும்தான்.

இன்று இத்தகைய வெளிப்படையான தடை ஆணைகள் தேவைப்படுவதில்லை. “அன்றைக்கு அரங்கு காலியில்லை”, “மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்”, “பேச்சாளரை மாற்றிக்கொள்ளுங்கள்” என்ற வாய்மொழிப் பதில்கள் போதும். ஏப்ரல் 14 அன்றும் டிசம்பர் 6 அன்றும் அம்பேத்கர் படத்துக்கு மாலை அணிவிக்கும் நிர்வாகமே, அவருடைய எழுத்தைக் கொண்டு இன்றைய சாதியை விவாதிக்கும் கூட்டத்துக்கு இந்தப் பதிலைத் தருகிறது. மாலைக்கு இடமுண்டு, விவாதத்துக்கு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? அரசு நிதியால் முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் பொதுமக்கள் கூடும் இடங்களைப் பயன்படுத்துவதில் சாதியின் பெயரால் எவருக்கும் தடை விதிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15(2) உறுப்பு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கொண்டுவரப்பட்டு, 2016 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் கல்வி நிறுவனங்களுக்குள்ளும் பொது இடங்களுக்குள்ளும் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை மேம்படுத்துவதற்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 விதிகள், ஒவ்வொரு நிறுவனத்திலும் சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்கின்றன. அவற்றுக்கு மாற்றாக 2026 சனவரியில் அறிவிக்கப்பட்ட புதிய விதிகளை உச்ச நீதிமன்றம் அதே மாதத்தில் நிறுத்திவைத்து, 2012 விதிகளே தொடரும் என்றது.

ஆயினும் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அரங்கம் தர மறுப்பது ஒவ்வொன்றும் வன்கொடுமை வழக்காகிவிடாது. நுழைவைத் தடுப்பது வேறு, நிகழ்ச்சிக்கு அனுமதி மறுப்பது வேறு என்றே எதிர்த்தரப்பு வாதிடும். பிறருக்குத் தந்த அரங்கை நமக்கு மறுத்தார்கள் என்பதை ஆவணத்தால் காட்டினால்தான், சட்டத்தின்முன் சமம் என்னும் 14ஆம் உறுப்பின்கீழ் நம் வாதம் நிற்கும். வாய்மொழி மறுப்பை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது கடினம். நிர்வாகங்கள் வாய்மொழியை விரும்புவதும் அதனால்தான்.

ஆகவே மாணவர்கள் முதலில் செய்ய வேண்டியது எழுத்தில் கேட்பது. நிகழ்ச்சிக்கான விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அடுத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்கீழ் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். கடந்த மூன்றாண்டுகளில் நூலக அரங்கில் நடந்த நிகழ்ச்சிகள் எவை? ஒவ்வொன்றுக்கும் செலவிட்ட தொகை எவ்வளவு? நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள் எவை, என்ன காரணத்தால்? அனுமதிக்கான எழுத்துபூர்வ நெறிமுறை உண்டா? நிகழ்ச்சிக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர் எத்தனை பேர்? முப்பது நாள்களில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். நெறிமுறையே இல்லை என்று பதில் வந்தாலும், அதுவும் ஒரு சான்றாவணமே.

நம் கோரிக்கையும் தெளிவாக இருக்கட்டும்: அனைவருக்கும் ஒரே நெறிமுறை, குறித்த காலத்துக்குள் எழுத்தில் முடிவு, நிகழ்ச்சிக் குழுவில் நம் மாணவர்களுக்கு இடம்.

1946இல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸுக்கு எழுதிய கடிதத்தை அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக நூலகம் பாதுகாத்து, எவரும் படிக்கும் வகையில் இணையத்தில் வைத்துள்ளது. ஒடுக்கப்பட்ட இரு மக்கள் ஒருவரையொருவர் தேடிய தடம் அது. அதை ஒரு மாலைப்பொழுதில் கூடி வாசிக்க நம் நூலகங்களில் ஓர் அறை கேட்கிறோம்.

2016 சனவரியில் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட அந்த ஐவரும் வளாகத்தின் திறந்தவெளியில் அம்பேத்கர் படத்தை வைத்து ‘வெலிவாடா’ அமைத்தார்கள். ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட சேரியைக் குறிக்கும் சொல் அது. தங்களுக்கு மறுக்கப்பட்ட பொது இடத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். நூலகத்தின் கதவு நம் கூட்டத்துக்கும் திறக்கும் வரை அந்தக் கேள்வி அங்கேயே நிற்கும்.